பிடித்தம் போக

அந்த சைக்கிள் கொல்லிமலைக்கு வந்ததே பஸ் கூரைமேல் ஏறித்தான். அடிவாரத்துக் கடைக்காரர் காற்றடித்து, மணியை நாலு தடவை அடித்துக் காட்டி, "ராசியான வண்டிங்க" என்று கொடுத்தார். கண்டக்டரும் நானுமாக அதை மேலே தூக்கிப் போட்டுக் கயிறு கட்டினோம். எழுபது கொண்டை ஊசி வளைவிலும் என் தலைக்கு மேலே அது கடகடவென்று ஆடிக்கொண்டே வந்தது. ஒரு வளைவில் விழுந்து தொலையட்டும் என்று நினைப்பேன், அடுத்த வளைவில் ஐயோ விழுந்துவிடக் கூடாதே என்று நினைப்பேன். தொண்ணூற்றேழாம் வருடம், ஆடி மாதம். எனக்கு வயது முப்பத்தெட்டு. எடை தொண்ணூற்றாறு கிலோ.

ஆசைப்பட்டு வாங்கிய சைக்கிள் இல்லை அது. பயத்தில் வாங்கியது. அதற்கு முந்தின வாரம்தான் நாமக்கல்லில் டாக்டர் எனக்குச் சர்க்கரை என்று சொல்லியிருந்தார். அப்பாவுக்கு வைத்தியம் பார்த்தவரும் அவர்தான். அப்பாவுக்கு முதலில் கட்டைவிரல் போனது, பிறகு பாதம், பிறகு முழங்கால் வரைக்கும். கடைசி வருடம் கட்டிலில் உட்கார்ந்தபடி, இல்லாத காலைச் சொறிந்துவிடச் சொல்லி என்னைக் கூப்பிடுவார். நானும் கட்டிலின் வெற்று விரிப்பைச் சொறிவேன். அவருக்கு அது போதுமானதாக இருந்தது. "தைப் பொங்கலுக்குள்ள பத்து கிலோ எறக்கிட்டு வாங்க. இல்லைன்னா உங்கப்பா போன ரோட்டுலதான் நீங்களும் போவீங்க" என்றார் டாக்டர். வீடு வந்து சேரும்வரை செருப்புக்குள் கால்விரல்களை அசைத்து அசைத்துப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

நான் மிளகு வியாபாரி. குடும்பம் அடிவாரத்தில், குடோன் மேலே வாழவந்தி நாட்டில்; மலையில் சில ஊர்கள் சேர்ந்ததை நாடு என்பார்கள். வாரத்தில் ஆறு நாள் மலையில்தான் இருப்பேன். விடிந்ததும் சைக்கிளை எடுத்துக்கொண்டு திண்ணனூர் நாட்டுப் பக்கம் போவேன். மலையில் சமதளம் என்று ஒன்று கிடையாது. ஏற்றத்தில் நான் சைக்கிளைத் தள்ள வேண்டும், இறக்கத்தில் அது என்னைத் தள்ளும். இதில் பெரிய தொல்லை ஏற்றமும் இல்லை இறக்கமும் இல்லை, எதிரே வருகிற சனம்தான். "ஏனுங் மொதலாளி, மொபெட்டு ரிப்பேருங்களா?" இல்லீங்க. "எங்கீங்க தூரமா?" எங்கயும் இல்லீங்க, சும்மா. "சும்மாவுங்களா?" தலையில் குச்சிக்கிழங்கு மூட்டையோடு மூன்று மைல் நடந்து வருகிறவரிடம், உடம்பு கரைய வேண்டும் என்பதற்காக ஒருவன் போகுமிடம் இல்லாமல் மிதிக்கிறான் என்பதை எப்படி விளக்குவது? இரண்டு முறை பஸ் டிரைவர் நிறுத்தி, பரிதாபப்பட்டு, சைக்கிளோடு ஏறிக்கொள்ளச் சொன்னார். வியாபாரம் நொடித்து மொபெட்டை விற்றுவிட்டேன் என்று ஒரு பேச்சு ஒரே வாரத்தில் குண்டனி நாடு வரைக்கும் போய்விட்டது. எனக்கு எரிச்சல் தாங்காது. ஆனாலும் ஒரு நாள் ஓட்டாவிட்டால் அன்றைக்குப் பூராவும் கால்விரல்களில் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கும். உட்கார முடியாது.

அந்தக் குண்டனி நாட்டைச் சேர்ந்தவர்தான் என் எடைக்கார அண்ணன். என்னைவிடப் பத்து வயதாவது பெரியவர். சொந்தமாகக் கொஞ்சம் காடு, அதில் மரத்துக்கு மரம் மிளகுக்கொடி. ஞாயிற்றுக்கிழமை மட்டும் என் குடோனில் மேடைத் தராசின் பக்கத்தில் நிற்பார். பலகைமேல் மூட்டையை ஏற்றி, கம்பியில் குண்டை நகர்த்தி, எடையைச் சத்தமாகச் சொல்வார். நான் எழுதிக்கொள்வேன். அவர் சொல்வது எப்போதும் பிடித்தம் போகத்தான். தையிலும் மாசியிலும் பறித்துக் காயவைத்த மிளகை எல்லாரும் அப்போதே விற்றுவிட மாட்டார்கள். கல்யாணம், சீர், வைத்தியம் என்று வரும்போது ஒரு மூட்டையாகக் கொண்டுவருவார்கள். மழைக்காலத்தில் வருகிற மூட்டை ஈரத்தை இழுத்திருக்கும் என்று அதற்குக் கொஞ்சம் பிடித்துக்கொள்வது மலையில் எல்லா வியாபாரிக்கும் வழக்கம். மொத்தத்தைச் சொல்லிவிட்டுப் பிறகு குறைத்தால் சண்டை வருகிறது. அதனால் நான் மலைக்கு வந்த வருடமே அண்ணனிடம் சொல்லிவிட்டேன், சாக்கின்மேல் கை வைத்துப் பாருங்கள், ஈரம் தெரிந்தால் பிடித்துக்கொண்டு மீதியை மட்டும் சொல்லுங்கள் என்று. மூட்டைக்கு ஆடியில் ஒரு கிலோ, ஆவணிக்கு இரண்டு, புரட்டாசிக்கு மூன்று, ஐப்பசிக்கு ஐந்து. எட்டு வருடமாக அவர் கையை வைத்தார், சொன்னார். நான் எழுதினேன்.

சைக்கிள் வந்த பிறகு ஞாயிறுதோறும் சனம் சேர்வதற்கு முன்னால் நானும் அந்தப் பலகைமேல் ஏறி நின்றேன். கம்பி அவர் பக்கம் இருக்கும். எட்டிப் பார்க்கப் போனால், "சாயாதீங்க மொதலாளி, எடை மாறிப்போவும்" என்பார். ஓட்டிவிட்டு அப்படியே வந்து நிற்பேன். வேர்வையும் சாரலுமாகச் சட்டை உடம்போடு ஒட்டியிருக்கும். அண்ணன் குண்டை நகர்த்துவதற்கு முன்னால் என் முதுகில் உள்ளங்கையை ஒரு கணம் வைத்து எடுப்பார். அப்பா போனபிறகு என் முதுகில் யாரும் அப்படிக் கை வைத்ததில்லை. அன்பு என்று நினைத்துக்கொண்டேன். இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது, கூடவே வெட்கமாகவும் இருக்கிறது.

முதல் வாரமே தொண்ணூற்றைந்து என்றார். ஒரே வாரத்தில் ஒரு கிலோ! ஆவணியில் தொண்ணூற்று நான்கு. புரட்டாசியில் தொண்ணூற்று மூன்று. மழை வலுக்க வலுக்க நான் கரைந்துகொண்டே போனேன். கால்சட்டை மட்டும் தளரவே இல்லை, துவைத்ததில் சுருங்கிவிட்டது என்று துணிக்கடைக்காரனைத் திட்டினேன். எடைதான் இறங்குகிறதே என்ற தெம்பில் செம்மேட்டுக் கடையில் பரோட்டா, சால்னா, அதற்குமேல் ஒரு ஆம்லெட். ஊருக்கு இறங்கினால் வீட்டில் பிரியாணி. "சைக்கிள் ஓட்டுற உடம்பு, கேக்குது" என்று மனைவியிடம் சொல்வேன். ஐப்பசியில் அண்ணன், "தொண்ணூத்தொண்ணு" என்று சொன்ன அன்று அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணா, எங்கப்பா ரோட்டுல நான் போகலீங்க" என்று சொல்லிவிட்டேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. "நல்லதுங்க" என்றார்.

அடுத்த வாரம் ஊருக்குப் போனவன் டாக்டரிடம் மார்பை நிமிர்த்திக்கொண்டு போனேன். அவருடைய மெஷின் தொண்ணூற்றேழு என்றது. மெஷின் கோளாறு என்றேன். அவர் ரத்தப் பரிசோதனைச் சீட்டை என் பக்கம் திருப்பி வைத்தார். சர்க்கரையும் ஏறியிருந்தது. நான் விடவில்லை. ரோட்டுக்கு எதிரே இருந்த அரிசிக் கடைக்குப் போய், கடைக்காரரைக் கெஞ்சி, அவர் தராசில் ஏறி நின்றேன். அதுவும் தொண்ணூற்றேழு. அரிசி மூட்டைகளுக்கு நடுவில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். மூன்று மாதம் நாய்படாத பாடு பட்டிருக்கிறேன், ஒரு கிலோ கூடியிருக்கிறது. பொங்கலுக்கு இன்னும் இரண்டு மாதம்தான்.

ஞாயிற்றுக்கிழமை மலையேறி நேராகக் குடோனுக்குப் போனேன். சனம் கூடியிருந்தது. யாரிருக்கிறார்கள் என்றெல்லாம் பார்க்கவில்லை.

"போன வாரம் என் எடை எவ்வளவு சொன்னீங்க?"

"தொண்ணூத்தொண்ணுங்க."

"டாக்டர் தொண்ணூத்தேழுங்கறாரு. அரிசிக்கடைத் தராசும் அதையேதான் சொல்லுது. ஆறு கிலோ எங்கய்யா போச்சு?"

அண்ணன் விரல்விட்டு எண்ணினார். "அஞ்சு புடிச்சேனுங்க. மிச்சம் ஒண்ணு… ஊருக்குப் போனீங்கல்ல, திங்கறதுல ஏறியிருக்குங்க."

"எதுக்குப் புடிச்சீங்க?"

"ஈரத்துக்குத்தானுங்க. நீங்க மழையில நனைஞ்சு வந்து ஏறுவீங்க. கை வச்சா சொதசொதன்னு இருக்கும். ஐப்பசிக்கு அஞ்சுன்னு நீங்கதானுங்களே சொன்னீங்க."

குடோனே கொல்லென்று சிரித்தது. எனக்குக் கண்மண் தெரியவில்லை. "ஏய்யா, சட்டை நனைஞ்சா அஞ்சு கிலோவா ஏறும்? கொஞ்சமாச்சும் மூளை வேண்டாமா? காலு போற விசயம்யா இது!" என்று கத்தினேன்.

அவர் கோபப்படவில்லை. நான் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்கிற மாதிரிதான் சொன்னார். "சாக்கு நனைஞ்சாலும் அஞ்சு கிலோ ஏறாதுங்க சாமி. எம் மூட்டைக்கும் அப்படித்தானுங்களே புடிச்சுச் சொல்லிட்டிருக்கேன்."

சிரிப்பு நின்றுவிட்டது. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள், பிறகு அவரவர் மூட்டையைப் பார்த்தார்கள். நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். அன்று போல் நான் என்றைக்கும் மிதித்ததில்லை. ஏற்றத்தில்கூட இறங்கவில்லை, நெஞ்சு வெடித்தால் வெடிக்கட்டும் என்று மிதித்தேன். என்னிடமிருந்து ஐந்து கிலோவைப் பிடித்ததற்கு இந்தக் குதி குதிக்கிறேனே, இவர்கள் எட்டு வருடம் எப்படிப் பேசாமல் நின்றார்கள்? அவர் வேண்டுமென்றேதான் எனக்குப் பாடம் புகட்டினார் என்று இந்தக் கதையைக் கேட்டவர்கள் பலர் சொல்லியிருக்கிறார்கள். இல்லை. அந்த மனிதரோடு எட்டு வருடம் நின்றவன் நான், எனக்குத் தெரியும். பலகைமேல் ஏறினால் மூட்டையும் ஒன்றுதான், முதலாளியும் ஒன்றுதான் என்று நினைத்தார், அவ்வளவுதான். பாடம் புகட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும், பதிலுக்குக் கோபப்பட்டிருப்பேன்.

மறு ஞாயிறு அவர் மூட்டையே முதலில் நின்றது. கை வைத்துப் பார்த்து, "நாப்பத்தேழு" என்றார்.

"மொத்தத்தைச் சொல்லுங்கண்ணா."

கம்பியை ரொம்ப நேரம் பார்த்தார். "அம்பத்திரெண்டுங்க."

எழுதிக்கொண்டேன். "எனக்கு மட்டுமுங்களா?" என்று கேட்டார். எல்லாருக்கும் என்றேன். தலையை ஆட்டிவிட்டு அடுத்த மூட்டையை இழுத்தார். ஒரு நன்றி சொல்வார் என்று எதிர்பார்த்தேன் போலிருக்கிறது, சொல்லாதது உறுத்தியது. எதற்கு நன்றி? அவர் பொருளை அவர் எடைக்கு வாங்குவதற்கா? மற்ற வியாபாரிகள் வந்து, நீ மட்டும் யோக்கியனா என்று சண்டை பிடித்தார்கள். அது ஒரு பக்கம் ஓடியது. முந்தின எட்டு வருடத்து மூட்டைகளைப் பற்றி அவரும் கேட்கவில்லை, நானும் வாயைத் திறக்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று சைக்கிளில் போகும்போதெல்லாம் எனக்குள்ளேயே பேசிக்கொண்டு போவேன்.

இன்று அடிவாரத்து ஊர்களில்கூட விடிகாலையில் தலைக்கவசம் மாட்டிக்கொண்டு கூட்டமாக சைக்கிள் ஓட்டுகிறார்கள். எத்தனை மைல், எவ்வளவு கரைந்தது என்று கையில் கட்டியிருப்பதே சொல்லிவிடுகிறது. எப்படி எளைச்சீங்க என்று என்னைக் கேட்பார்கள். பரோட்டாவை விட்டேன், தினமும் மிதித்தேன் என்பேன். அது உண்மைதான். உள்ளுக்குள் ஒன்று அரித்துக்கொண்டே இருந்ததால் உட்கார முடியாமல் மிதித்தேன் என்பதைச் சொல்வதில்லை. பொங்கலுக்குள் பத்து கிலோ இறங்கவில்லை, ஐந்துதான். டாக்டர் கெடுவைத் தள்ளிக் கொடுத்தார். அடுத்த ஆடியில் அவர் மெஷின் எண்பத்து மூன்று என்றது. கால் உங்களுக்குத்தான், பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள் என்று சிரித்தார்.

அந்த ஞாயிறே குடோனில் அண்ணனிடம் சொன்னேன். "ஏறுங்க, நம்ம தராசுலயும் பாத்துருவோம்" என்றார். முதுகில் கை வைக்கவில்லை. "எம்பத்தி மூணு. மொத்தமுங்க" என்று சத்தமாகச் சொன்னார். எனக்கிருந்த சந்தோஷத்தில், "நீங்களும் ஏறுங்கண்ணா" என்றேன். எனக்கெதுக்குங்க என்று கூச்சப்பட்டார். தோளைப் பிடித்து ஏற்றினேன். இத்தனை வருடத்தில் அவர் அந்தப் பலகைமேல் நின்று நான் பார்த்ததே இல்லை. முதல் முறையாக நான் கம்பியின் இந்தப் பக்கம் வந்து குண்டைப் பிடித்தேன். எண்பதில் வைத்தேன், எழுபதில் வைத்தேன், அறுபதில் வைத்தேன், கம்பி எழவே இல்லை. நகர்த்திக்கொண்டே வந்தேன். அவர் குண்டனி நாட்டிலிருந்து தலையில் தூக்கி வருகிற மூட்டையின் எடைக்கும் கீழே போய்த்தான் கம்பி நின்றது.

"நாப்பத்தி மூணுங்கண்ணா" என்றேன்.

நிமிர்ந்தபடி, அசையாமல் நின்றுகொண்டே கேட்டார். "புடிச்சது போகவுங்களா, மொத்தமுங்களா?"