இரண்டு ஆழாக்கு அரிசி

கறை

குழித்தறியில் காலை உள்ளே விட்டு உட்கார்ந்தால், நெய்த சேலை சுருளும் படமரம் வயிற்றுக்கு நேராக இருக்கும். இரண்டுக்கும் நடுவே ஒரு கை நுழைய வேண்டும். ஆரணியில் இத்தனை வருடம் பட்டு நெய்த எனக்கு, அந்த இடைவெளி அடைபட்டதே தெரியவில்லை. முதலாளி கடையில் சேலையை விரித்தபோதுதான் தெரிந்தது. மாம்பழ நிறப் பட்டில் வியர்வைக் கறை.

"இன்னா மணி, வவுத்தையும் சேத்து நெய்ஞ்சிகினு வந்துட்டியா?" என்றார். கடையே சிரித்தது, நானும் சிரித்துவைத்தேன். அப்புறம் அவர் சிரிக்காமல் சொன்னார்: "இன்னொன்னு இப்டி வந்துச்சின்னா பாவு குடுக்க மாட்டேன்."

முதலாளி தரும் பாவு நூல் இல்லையென்றால் தறி சும்மா கிடக்கும். எனக்கு வேறு தொழில் தெரியாது.

செய்து பார்த்தவை

தொப்பை விழும் தம்பிகளுக்காக எழுதுகிறேன். பெரிய தட்டைப் பரணில் போட்டுவிட்டுச் சின்னத் தட்டுக்கு மாறினேன். நாலு தடவை போட்டுக்கொண்டேன், அவ்வளவுதான். சாப்பிடுமுன் ஒரு சொம்புத் தண்ணீர் குடித்தது கொஞ்சம் உதவியது. போனைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுவதை விட்டேன், அதுவும் நல்லது.

முறுக்கு டப்பாவைத் தறிப் பக்கத்திலிருந்து எடுத்ததுதான் பெரிய பேஜார். அது இருந்த இடம் என் மனைவி சரசுவின் இடம். பக்கத்தில் உட்கார்ந்து சேலைக் கரைக்கு நூல் நாடாவைப் போட்டுத் தருவாள். மகள் பிரசவத்துக்குப் பெங்களூர் போனவள், பேரன் தவழ ஆரம்பித்தும் வரவில்லை. மகள் வேலைக்குப் போகிறாள், குழந்தையை யார் பார்ப்பது? துணைக்கு ஆள் தேவைப்படாத சின்னக் கரைச் சேலைக்கு நான் மாறிவிட்டேன். ஆனாலும் கண் அடிக்கடி அந்தப் பக்கம் போகும். போனால் கையும் டப்பாவுக்குப் போகும்.

டப்பாவை எடுத்தும் வயிறு இறங்கவில்லை. ஒருநாள் அரிசி களையும்போது கையைக் கவனித்தேன். இரண்டு ஆழாக்கு. அவள் போட்டதைப் பார்த்துப் பழகிய கை, அவள் போன பிறகும் அதே அளவைத்தான் போட்டுக்கொண்டிருந்தது. பேர்போன களம்பூர் அரிசிச் சோற்றைக் கொட்ட மனசு வருமா? அவள் பங்கையும் நானே தின்றிருக்கிறேன்.

ஒரு ஆழாக்கு

மறுநாள் ஒரு ஆழாக்கு போட்டேன். கை கூசியது. பானைக்குள் பார்த்தால் ஏதோ அவள் இனி வரமாட்டாள் என்று நானே முடிவு கட்டிவிட்டது போல இருந்தது. அன்றைக்குச் சோறு சரியாகத்தான் இருந்தது, நான்தான் பாதியில் எழுந்துவிட்டேன்.

சாயந்திரம் சரசு போனில் கூப்பிட்டாள். கறைக் கதையைச் சொன்னேன், விழுந்து விழுந்து சிரித்தாள். இப்போது ஒரு ஆழாக்குதான் போடுகிறேன் என்றேன். சிரிப்பு நின்றுவிட்டது.

"அப்ப எனக்கு?" என்றாள்.

"நீ பஸ் ஏறிட்டேன்னு சொல்லு, ஜல்தியா இன்னொரு ஆழாக்கு போட்டுர்றேன்" என்றேன். அவளுக்குப் பின்னால் பேரன் அழுதுகொண்டிருந்தான்.

இப்போது படமரத்துக்கும் வயிற்றுக்கும் நடுவே கை தாராளமாக நுழைகிறது. பாவும் தடையில்லாமல் வருகிறது. தம்பிகளே, சின்னத் தட்டு, தண்ணீர் எல்லாம் செய்யுங்கள். அதற்கு முன், தட்டில் இருப்பது யாருடைய பங்கு என்று ஒருதரம் பாருங்கள். உங்களைச் சாப்பிட வைப்பது பசியாக இல்லாமலும் இருக்கலாம்.

நான் தினமும் ஒரு ஆழாக்கு போட்டபின், காலி ஆழாக்கை அரிசி டின்னுக்குள்ளேயே விட்டுவைக்கிறேன். அவள் வந்தால் தேட வேண்டாம்.