மனசைச் சொல்ல ஒரு ஜப்பான் வார்த்தை

காய்ச்சலில் உடம்பு கொதிக்கும்போது அன்புச்செல்வியிடம் எப்படியிருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். "நல்லா இருக்கறனுங்க" என்பாள். எங்கள் கொங்குப் பக்கத்துப் பழக்கம் அப்படி. அடுத்தவருக்கு எதற்குச் சங்கடம் என்று எல்லாவற்றையும் விழுங்கிக்கொள்வோம். ஆனால் இவள் ரொம்ப ஓவர். கணபதி ஏரியாவில் அவளோடு ஒரே அறையில் தங்கி, ஒரே வகுப்பில் ஜப்பானிய மொழி படிக்கிற எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நர்சிங் முடித்தவள். ஜப்பானில் முதியோர் இல்லத்து வேலைக்குப் போக ஆசை. வகுப்பில் உணர்ச்சிச் சொற்கள் நடந்தன. சந்தோஷத்துக்கு 'உரேஷீ' என்றால் வாக்கியமாக அள்ளி விடுவாள். துக்கம், கோபம், அலுப்பு என்றால் வார்த்தை தெரியும், வாய் திறக்காது. "எனக்கு அதெல்லாம் ஒண்ணுமில்லீங்களே" என்று வாத்தியாரிடமே சிரித்துவிட்டு உட்கார்ந்துவிடுவாள். முதல் நேர்காணல் இதில்தான் போயிற்று. முடியவில்லை, வலிக்கிறது என்று சொல்லாத ஆளை எப்படி வேலைக்கு வைப்பது என்று கைவிரித்துவிட்டார்கள்.

"வாயில என்ன கொழுக்கட்டையா? இந்தத் தடவையாச்சும் மனசுல இருக்கறதைச் சொல்லித் தொலை!" என்று கத்தினேன்.

இரண்டாவது நேர்காணல் எங்கள் அறையிலேயே, லேப்டாப்பில். அதற்கு அவளுடைய அப்பா மாசாணம், ஆனைமலையில் தோப்பு வேலைக்கு லீவு சொல்லிவிட்டுப் பஸ் ஏறி வந்துவிட்டார். அம்மா இல்லாத வீடு, அப்பாவும் மகளும்தான். கட்டில் ஓரத்தில் கூச்சத்தோடு உட்கார்ந்துகொண்டார்.

அப்பாவைத் தனியே விட்டு வருவது எப்படியிருக்கிறது என்று கேட்டார் திரையிலிருந்த ஜப்பான் அம்மா. செல்வி வழக்கம்போலச் சிரித்தாள். போச்சு என்று நினைத்தேன். சிரிப்பு பாதியில் நின்றது.

"சபிஷீ" என்றாள். பக்கத்தில் ஆளில்லாமல் மனசு வெறிச்சோடிப் போவதற்கு அவர்கள் சொல்லும் சொல். பிறகு கொட்டித் தீர்த்துவிட்டாள். அப்பா தனியாகச் சாப்பிடுவார், உடம்புக்கு முடியாவிட்டால் யாரிடமும் சொல்லமாட்டார், அதை நினைத்தால் தூக்கமே வருவதில்லை. எல்லாம் ஜப்பானிய மொழியில், அழுதுகொண்டே. அங்கேயே வேலையும் உறுதியாகிவிட்டது.

மாசாணம் பதறிப்போனார். "ஏங் கண்ணு அழுகறே? என்னத்தச் சொன்னே?"

"ஊட்டுல எல்லாரும் நல்லா இருக்கறோம்னு சொன்னேனுங்கப்பா."

வந்ததே எனக்குக் கோபம்! "பொய்யிங்க, நம்பாதீங்க" என்று 'சபிஷீ'யில் தொடங்கி அவ்வளவையும் தமிழில் போட்டு உடைத்தேன். செல்வி என் தொடையைக் கிள்ளினாள்.

மாசாணம் துண்டை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். "அந்த வார்த்தை என்னன்னு சொன்னீங்க அம்மணி?"

சொன்னேன். அவர் மகள் முகத்தைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, "எனக்கும் சபிஷீதான் கண்ணு" என்றார்.