காதுக்குப் பின்னால் ஒரு புண்

சென்ற ஆண்டு ஆடி மாதம், குற்றாலம் ஐந்தருவியில் பெண்கள் வரிசையில் நின்றபோது நடந்தது இது. வெயிலே இல்லாத சாரல் நாள் என்பதால்தான் தென்காசியிலிருந்து துணிந்து கிளம்பியிருந்தேன். தோலில் நிறமி இல்லாமல் பிறந்தவள் நான். வெயில்தான் எனக்கு எமன்.

அதற்கு முந்தின வருடம் கன்னத்தில் தோல் புற்றுநோய் வந்து வெட்டி எடுத்தார்கள். மறுபடி வராமலிருக்க உதவும் என்று டாக்டர் பி3 வைட்டமின் மாத்திரை எழுதிக் கொடுத்தார். வாய்ப்பைக் குறைக்கும், அவ்வளவுதான்; தவறாமல் வந்து உடம்பைக் காட்ட வேண்டும் என்றும் சொன்னார். முதல் பாதிதான் என் மனதில் நின்றது. மாத்திரையை ஒரு வேளைகூட விடாமல் போட்டேன்; செக்கப்பை மட்டும் தள்ளிக்கொண்டே போனேன். போனால் எதையாவது கண்டுபிடித்துவிடுவாரோ என்ற பயம்தான்.

வரிசையில் முடியைத் தூக்கிக் கொண்டை போட்டேன். பின்னால் நின்ற ஒரு அம்மா என்னையே உற்றுப் பார்ப்பது தெரிந்தது. இப்படிப் பார்க்கிறவர்களைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். என்ன பார்க்கிறீர்கள் என்று வெடுக்கென்று கேட்டுவிட்டேன்.

அவர் கோபப்படவில்லை. "தப்பா நெனைக்காத தாயி. ஒன் காதுக்குப் பின்னால ஒரு புண்ணு, ரத்தம் கசியுது. டாக்டர்ட்ட காட்டுனியா?"

"மாத்திர சாப்பிடுதேன்."

"மாத்திர சாப்பிடு, வேண்டாங்கல. இத யாராவது பாத்தாங்களாம்மா?"

தொட்டுப் பார்த்தால் விரலில் ரத்தம். குளிக்காமலே வெளியே வந்துவிட்டேன். ஆண்கள் பக்கம் குளித்துவிட்டு ஈரத் துண்டோடு வந்த கணவர் முடியை விலக்கிப் பார்த்ததும், கிளம்பலாம் என்று பையை எடுத்தார். அந்த அவசரம்தான் இன்னும் பயமுறுத்தியது.

மறுநாள் டாக்டர் சதையைக் கிள்ளிப் பரிசோதனைக்கு அனுப்பினார். முடிவு வரும்வரை சோறு இறங்கவில்லை. மகளுக்குச் சடை பின்னும்போது, இன்னும் எத்தனை நாளைக்குப் பின்னப் போகிறேனோ என்று நினைத்து, பின்னியதை அவிழ்த்து மறுபடி பின்னினேன்.

அதுவும் புற்றுநோய்தான். நல்லவேளை, ஆழம் போகவில்லை. இன்னும் தள்ளிப்போட்டிருந்தால் காதையே இழந்திருப்பேன் என்றார் டாக்டர். வெட்டி எடுத்துத் தையல் போட்டார். மாத்திரையைத் தொடரச் சொன்னார், ஆனால் அதை நம்பி உடம்பைக் காட்டாமல் இருந்துவிடாதே என்று கண்டித்தார். இப்போது ஞாயிறுதோறும் கணவர் என் காது, கழுத்து, முதுகெல்லாம் பார்க்கிறார். "ஒண்ணும் இல்லட்டி" என்று அவர் சொல்லும்வரை எனக்கு மூச்சு வருவதில்லை.

அந்த அம்மாவை அப்புறம் நான் பார்க்கவே இல்லை. ஆனால் முன்பின் தெரியாத யாராவது என்னை உற்றுப் பார்த்தால் இப்போதெல்லாம் வெடுக்கென்று கேட்பதில்லை. சொல்ல ஏதாவது இருக்குமோ என்று சற்று நின்றுவிட்டுத்தான் நகர்கிறேன்.