இடப்பக்கத்து மௌனம்

இடியக்காவுக்குப் பயமே கிடையாது என்று டிப்போவில் சொல்வார்கள். சுத்தப் பொய். பஸ் ஓட்டுகிறவள் பயப்படாமல் எப்படி ஓட்டுவாள்? அந்தப் பெயர் வந்தது அவள் வேகத்தால் அல்ல, அவள் கேட்கிற பாட்டால். அதில் டிரம்ஸ் இடிக்கும், கிடார் உறுமும், பாடுகிறவன் ஒரு வரியில் தாலாட்டி அடுத்த வரியில் தொண்டை கிழியக் கத்துவான். தாளம் நடுவழியில் மாறும். தலையாட்டுகிறவனுக்குக் கழுத்து சுளுக்கும். புரோக்ரெசிவ் மெட்டல் என்று பெயராம். கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே அவளுக்கு ஒரே குழு, ஒரே பைத்தியம்.

அந்தக் குழுவின் கீபோர்டுக்காரர் இறந்த பிறகு பல வருஷம் சத்தமே இல்லை. இப்போதுதான் புது ஆல்பம் வந்தது. விடுமுறை நாளாகப் பார்த்து, கணவனைக் கடைக்கு விரட்டிவிட்டு, ஹெட்போனை மாட்டிக்கொண்டு சோபாவில் சாய்ந்தாள். முதல் பாட்டிலேயே அழுதுவிட்டாள். பாடகருக்கு வயதாகிவிட்டது, பழைய உச்சம் எட்டவில்லை. அதை மூடி மறைக்காமல், மூச்சு வாங்குவதைக்கூட வெட்டாமல் விட்டிருந்தார் மனுஷன்.

மூன்றாவது பாட்டின் நடுவில் 'ங்' என்று மெல்லிய ரீங்காரம். அதன் பிறகு இடப்பக்கம் காலி. வலப்பக்கம் ஒரு கிடார் மட்டும் தனியாகப் போய்க்கொண்டிருந்தது.

"அடப்பாவிங்களா!" என்று கைதட்டினாள். வேறு யாராவது என்றால் ஹெட்போனைத் தட்டிப் பார்த்திருப்பார்கள். இந்த ரசிகர் கூட்டத்துக்கு அந்தப் புத்தி ஏது? முன்பு ஒரு பாட்டு பாதியில் அறுந்து நின்றபோது, அறுந்ததுதான் அழகு என்று வாரக்கணக்கில் வாதாடியவர்கள் இவர்கள். மேடையில் கீபோர்டுக்காரர் நிற்பது எப்போதும் இடப்பக்கம். அவர் இடத்தை அப்படியே காலியாக விட்டிருக்கிறார்கள் என்று அவளுக்குப் பட்டது. கடைசிவரை அந்தக் காலியிடத்தைக் கேட்டுக் கேட்டு உருகினாள். ரசிகர் குழுவில் நீளமாக எழுதியும் போட்டாள்.

உடனே ஒருவர் பதில் போட்டார்: "காலியா? அவர் சாகறதுக்கு முன்னாடி வாசிச்சு வெச்சதெல்லாம் இடப்பக்கந்தானே ஓடுது அக்கா? கடைசிப் பாட்டுல சிரிக்கக்கூட செய்யறாரே!"

ஹெட்போனை இடம் வலம் மாற்றி மாட்டினாள். இறந்தவர் வலது காதில் வாசித்தார், வலது காதில் சிரித்தார். இடது காதில் ஒன்றுமே இல்லை.

காது போனால் ஸ்டியரிங் போகும். அது போனால் அவள் யார்? பஸ் ஓட்டுவதைத் தவிர வேறு எந்த வேலையையும் அவள் ஆசைப்பட்டுச் செய்ததில்லை. சளியாக இருக்கும், தலை குளித்த தண்ணீராக இருக்கும், தூங்கி எழுந்தால் சரியாகிவிடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

"எத்தனை தடவைடி கூப்பிடறது? செவிடா நீ?" என்று கடையிலிருந்து திரும்பிய கணவன் விளையாட்டாகக் கேட்டான்.

"தூக்கம் வருது, விடுங்க" என்றாள்.

காலையிலும் சரியாகவில்லை. இருந்தும் பஸ்ஸை எடுத்தாள். அவளைத் திட்டத்தான் தோன்றுகிறது, ஆனால் பயந்தவளுக்கு என்ன புத்தி இருக்கும்?

சந்தை நிறுத்தத்தில் ஆட்கள் இறங்கினார்கள். வழக்கமான நேரம் ஆனதும், கண்டக்டர் விசிலடித்திருப்பார் என்று பஸ்ஸை நகர்த்தினாள். வலது காதில் இன்ஜினும் சாலையும் இரைந்தன, வேறு எதுவும் கேட்கவில்லை. எதேச்சையாகக் கண்ணாடியைப் பார்த்தபோது எல்லோர் வாயும் திறந்திருந்தது.

பிரேக்கை மிதித்தாள்.

படியில் ஒரு பெண் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தாள். அவளுடைய குழந்தையை யாரோ சட்டைக் காலரோடு பிடித்து உள்ளே இழுத்திருந்தார்கள். குழந்தை அழக்கூட மறந்து விழித்தது. நல்லவேளை, ஒரு கீறல்கூட இல்லை.

கண்டக்டர் பாய்ந்து வந்து இடப்பக்கம் நின்று கத்தினார். அவள் முகத்தை முழுசாக அவர் பக்கம் திருப்ப வேண்டியிருந்தது.

"உசுரு போயிருக்கும்! அந்தக் கத்து கத்தறேன், காதுல விழல?"

பிரேக் சரியில்லை, பஸ் தானாக உருண்டுவிட்டது என்று சொல்லியிருக்கலாம். யாரும் கேள்வி கேட்டிருக்க மாட்டார்கள். அவள் அந்தக் குழந்தையைப் பார்த்தாள். பிறகு இன்ஜினை அணைத்தாள்.

"விழல. நேத்துலேந்து இந்தக் காது கேக்கல."

கண்டக்டருக்குக் கோபம் வடிந்துவிட்டது.

"நேத்தேவா? ஏங்க்கா சொல்லல? இறங்குங்க, முதல்ல டாக்டர்கிட்ட போவோம்."

"பஸ்ஸு?"

"வேற ஆள் வந்து எடுப்பாங்க."

ராத்திரியெல்லாம் அவள் பயந்தது இந்த வார்த்தைக்குத்தான். சாவியை உருவினாள். கொடுக்கக் கை வரவில்லை. கொடுத்தாள்.