முளைக்கக் கூடாத விதை

தர்மபுரி பஸ்ஸில் யாரோ நனைந்த சாக்கு ஒன்றை ஏற்றினார்கள். மழை, புளிப்பு, பழைய தவிட்டு நெடி. மற்றவர்களுக்கு அது வெறும் ஈரச்சாக்கு. எனக்கு அப்படி இல்லை. பாப்பாரப்பட்டியில் தங்கச்சியின் எண்ணெய்ச் செக்கு, ஒரு காலைப்பொழுது, ஒருவரை ஒருவர் நம்பாமல் பார்த்துக்கொண்ட மூன்று ஜோடிக் கண்கள் எல்லாம் அந்த வாசனைக்குள்ளிருந்து எழுந்து வந்தன.

இன்று அந்தச் செக்கில் கடலையும் எள்ளும் மட்டும்தான் ஆட்டுகிறார்கள். அப்போது தங்கச்சி வீட்டுக்காரருக்கு வேறொரு ஆசை வந்திருந்தது. ஹெம்ப் எண்ணெய். கஞ்சாச் செடியின் விதையை ஆட்டி எடுப்பது. போதை கிடையாது, உடம்புக்கு நல்லது, பெங்களூரில் சின்னச் சின்ன பாட்டிலில் வாங்குகிறார்கள் என்று எவனோ போனில் ஓதிவிட்டிருந்தான். வடக்கேயிருந்து லாரியில் ஒரு மூட்டை விதையும் வந்து இறங்கிவிட்டது. செக்கின் உணவு லைசென்ஸ் தங்கச்சி பெயரில். அதில் இந்தப் புதுச் சரக்கையும் சேர்க்க வேண்டும், அதிகாரி வந்து பார்க்க வேண்டும். விதிமுறைகள் இங்கிலீஷில் இருந்ததால் என்னை வரச்சொன்னார்கள்.

அன்று பாப்பாரப்பட்டியில் இறங்கியதுமே எதிர் டீக்கடைக்காரர் பிடித்துக்கொண்டார். "என்னா சார், தங்கச்சி கடையில பொட்டலமாத் தருவாங்களா, பாட்டில்லயா?"

பெஞ்சே சிரித்தது. வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. போனைக் காதில் வைத்திருந்தார், பேசவும் இல்லை. போலீஸாக இருக்கலாம். லைன் கிடைக்காதவராகவும் இருக்கலாம். செக்குக்கடைக்குள் நுழையும்வரை என் முதுகு அவரையே பார்த்துக்கொண்டிருந்தது.

விதையை உள்ளங்கையில் போட்டுப் பார்த்தேன். கம்பு மணியைவிடச் சற்றுப் பெரிசு, சாம்பலும் பச்சையுமாக, மேலே மெல்லிய கோடுகள். வாயை இறுக மூடிக்கொண்ட விதை. எதையும் சொல்கிற முகம் அதற்கில்லை.

புண்ணாக்கு மூட்டைமேல் உட்கார்ந்து காகிதங்களைப் படித்தேன். "மாப்ள, லேபிள்ல இலைப்படம் போடக் கூடாதாம். விதைப்படம் மட்டும் போட்டுக்கலாம்."

"அட, இலை இருந்தாத்தான மச்சான் வாங்கறவன் திரும்பிப் பாப்பான்!"

அடுத்த பக்கத்தில் ஒரு வரி. எண்ணெய்க்கும் தின்பதற்கும் விற்கும் விதை முளைக்கும் சக்தி இல்லாததாக இருக்க வேண்டும். அதை வாய்விட்டுப் படிப்பதற்குள் கொல்லைப்புறத்திலிருந்து தங்கச்சி வந்தாள். கையில் சொட்டச்சொட்ட ஒரு சாக்கு முடிச்சு. முகத்தில் அப்படியொரு வெளிச்சம்.

எங்கள் பக்கத்து வீடுகளில் கடலையோ ராகியோ, எந்த விதை வந்து இறங்கினாலும் ஒரு பிடி எடுத்து ஈரச்சாக்கில் முடிந்து தண்ணீர்த் தொட்டி ஓரம் வைத்துவிடுவார்கள். விற்றவன் பழைய சரக்கைத் தள்ளிவிட்டானா என்று பார்க்கத்தான். யோசித்துச் செய்வதில்லை. கை தானாகச் செய்துவிடும்.

"இவுரு சொன்ன ஆள நான் நம்பலீங்கண்ணா. எவனோ வடக்கத்தியான், செத்த வெதையக் கட்டியுட்டிருப்பான்னு இருந்தன்." முடிச்சைப் பிரித்தாள். "பாருங்க, பூரா மொளச்சிருக்குது. நல்ல சரக்குதான்."

வெள்ளை வெள்ளையாக வேர்கள், பால்பற்களைப் போல. சிலதில் இரண்டு இலைகளும் விரியப் பார்த்தன. அவ்வளவு அழகாக ஒரு குற்றத்தை நான் பார்த்ததில்லை.

அந்த வரியைத் தமிழில் சொன்னேன்.

"அப்படின்னா?"

"உசுரு எடுத்த வெதைன்னாத்தான் திங்கற சரக்கும்மா. மொளச்சா அது செடி. அந்தச் செடிய வளக்கறதுக்குக் கவர்மெண்ட் பர்மிஷன் வேணும். நம்மகிட்ட அது இல்ல."

சாக்கு முடிச்சைக் கையைச் சுட்ட பாத்திரம்போலக் கீழே வைத்தாள். பிறகு கணவரைப் பார்த்தாள். "உங்களுக்குத் தெரியுமா இது?"

"எனக்கு எப்புடிடி தெரியும்?" பதில் கொஞ்சம் அவசரமாக வந்ததுபோல எனக்குப் பட்டது. அவரோ, அந்த வரியை எழுதியவனே நான்தான் என்பதுபோல என்னைப் பார்த்தார். என்மேல் எனக்கே சந்தேகம் வந்து காகிதத்தை மறுபடி படித்தேன். வரி மாறவில்லை.

"இதுல என்னா இருக்குது? வாணலிய வையி. மூட்டையோட வறுத்துருவம். யாரு கண்டா?"

"டீக்கடை கண்டுது. லாரிக்காரன் கண்டான். வித்தவங்கிட்ட பில்லு இருக்குது. நாளைக்கு அவன் மாட்டுனா யாரு பேரு வரும்? லைசென்சு எம் பேருலங்க இருக்குது. கடலைச் செக்கையும் சேத்துப் பூட்டிட்டுப் போவாங்க. பொறவு எத ஆட்டறது, தலையவா?"

அவளே முடிவு செய்தாள். மூட்டை, முளைத்த விதை, பில், மூன்றையும் எடுத்துக்கொண்டு தர்மபுரிக்குப் போய் அதிகாரியிடம் சொல்லிவிடுவது. அவர்கள் வந்து கேட்பதற்கு முன்னால்.

"நாமளே போயி மாட்டிக்கறதா? மச்சான், நீங்களாச்சும் சொல்லுங்க."

தெரியாமல் முளைக்க வைத்தேன் என்று ஒரு பெண் சொன்னால் எங்கள் பக்கத்து இண்டூரில் நம்புவார்கள், ஏரியூரில் நம்புவார்கள். ஈரச்சாக்கைப் பார்த்து வளர்ந்தவர்கள். தர்மபுரியில் அதிகாரி மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவர் எந்த ஊரோ? அவருக்கு முளை தெரியும். எங்கள் பழக்கம் தெரியுமா?

மொபெட்டின் முன்னால் மூட்டையை ஏற்றினோம். முளைகளை டிபன் பாக்ஸில் போட்டு மூடி, மடியில் வைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்தாள். மாப்பிள்ளை முகத்தைத் திருப்பிக்கொண்டே வண்டியைக் கிளப்பினார். எதிரே வெள்ளைச் சட்டைக்காரர் எழுந்து காசு கொடுத்துக்கொண்டிருந்தார். போன் இப்போது காதில் இல்லை, கையில் இருந்தது.

"சாயங்காலம் போன் பண்றம்மா" என்றேன்.

என் பக்கம் குனிந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"வேணாங்கண்ணா. நானாக் கூப்புட்டா மட்டும் பேசுங்க. போன அங்க வாங்கிப் பாத்தாங்கன்னா உங்க நம்பரும் அதுல இருக்குமில்ல."