பூசணிக்காய் உடைத்த கை

அந்தக் காலத்தில் எனக்குக் கோபம் வந்தால் வாய் வராது, கை வந்துவிடும். ஸ்பேனரை வீசி பானெட்டை நெளித்திருக்கிறேன். டீக்கடைக்காரர் சட்டையைக் கிழித்திருக்கிறேன். அடுகோடியில் எங்கள் மெக்கானிக் ஷெட்டுக்கு வருகிறவர்கள் முதலில் என் முகத்தைப் பார்ப்பார்கள், அப்புறம்தான் வண்டியை உள்ளே விடுவார்கள். இதைப் பெருமையாக வேறு நினைத்துக்கொண்டிருந்தேன், மடையன்.

ஷெட் எனக்கும் மச்சானுக்கும் பொது. மச்சான் என் மனைவியின் அண்ணன், என்னைவிட இரண்டு வயது மூத்தவன். அவன் காது அபாரமான காது. ஓடுகிற இன்ஜின் பக்கத்தில் கண்ணை மூடி நின்று, எந்த சிலிண்டரில் கோளாறு என்று சொல்லிவிடுவான். பிரித்துப் பார்த்தால் அதுவாகவே இருக்கும். அந்தக் காதை நம்பித்தான் இரண்டு குடும்பமும் சாப்பிட்டது.

தொண்ணூறுகளின் கடைசியில் பவர் ஸ்டீயரிங் வைத்த கார்கள் எங்களிடம் வர ஆரம்பித்தன. அதற்குத் தனி ஆயில், ரத்தம் மாதிரி சிவப்பு. பிரேக் ஆயில் வெளிறிய மஞ்சள். இரண்டையும் பெரிய டின்களிலிருந்து ஒரே மாதிரியான வெள்ளை பிளாஸ்டிக் பாட்டில்களில் ஊற்றி வைத்திருந்தோம். ஸ்டீயரிங்குக்குள் பிரேக் ஆயில் போனால் ரப்பர் சீல்கள் ஊதிப்போகும், ஆயில் ஒழுகிவிடும், ஸ்டீயரிங் கல்லாக இறுகிவிடும். அதனால் நான் ஒரு சட்டம் போட்டேன். ஊற்றும் முன் ஒரு சொட்டு விரலில் விட்டுப் பார்க்க வேண்டும். சிவப்பாக இருந்தால்தான் ஸ்டீயரிங்குக்கு. மீறினால் உதை.

ஆயுத பூஜை வந்தது. ஜாக்கியிலிருந்து ஆயில் பாட்டில்கள் வரை எல்லாவற்றையும் துடைத்துப் பொட்டு வைத்து, சாமி படத்தின் முன் அடுக்கியிருந்தோம். பூசணிக்காயில் துளை போட்டு, உள்ளே குங்குமத்தைக் கொட்டிக் கையாலேயே கலக்கி, வாசலில் ஓங்கி உடைத்தேன். ஒரே அடியில் சிதறினால்தான் எனக்குத் திருப்தி. மணிக்கட்டு வரை கை சிவந்திருந்தது.

அப்போது ஜீவனஹள்ளியிலிருந்து ஒரு வாடிக்கையாளர் காருக்குப் பூஜை போட வந்தார்.

"திருப்பும்போது உர்ருனு சத்தம் வருது குரு, கொஞ்சம் பாத்துடு" என்றார்.

பானெட்டைத் தூக்கி, ஸ்டீயரிங் ஆயில் டப்பாவின் மூடியைத் திறந்து, அதில் இருந்த அளவுக்குச்சியைத் துடைத்து மறுபடி விட்டு எடுத்தேன். ஆயில் கீழ்க்கோட்டைத் தொடவில்லை. படத்தின் முன்னாலிருந்து பாட்டிலை எடுத்து விரலில் ஒரு சொட்டு விட்டேன். சிவப்பு. ஊற்றினேன். ஸ்டீயரிங்கை இந்தக் கடைசிக்கும் அந்தக் கடைசிக்கும் நாலு தடவை திருப்பியதும் சத்தம் அடங்கியது. ஒரு வாரம் கழித்து நான் இல்லாத நேரத்தில் அவர் மறுபடி வந்தபோது, மச்சான் அளவு பார்த்து அனுப்பினான்.

அந்த மாதமே கார் கயிறு கட்டி இழுத்து வரப்பட்டது. ஓசூர் ரோட்டில் திருப்பத்தில் ஸ்டீயரிங் இறுகி, நின்றிருந்த லாரியில் மோதியிருக்கிறது. அவர் மனைவிக்கு மூக்கு உடைந்து, முன்பற்கள் இரண்டு போய்விட்டன. அவர் வந்த வேகத்தில் செருப்பைக் கழற்றி, தெருவே பார்க்க என் முகத்தில் அடித்தார். பிடரியைப் பிடித்து நசுங்கிய பானெட்டில் மோதினார்.

"என்னத்தடா ஊத்துனீங்க? என் பொண்டாட்டிய சாகடிக்கப் பாத்தீங்களாடா?"

ஸ்டீயரிங் டப்பாவின் அடியில் மிச்சமிருந்ததை சிரிஞ்சில் உறிஞ்சி டீ கிளாஸில் விட்டேன். கொஞ்ச நேரத்தில் மேலே சிவப்பும் அடியில் மஞ்சளுமாகப் பிரிந்து நின்றது. பிரேக் ஆயில். கை வைத்தது இரண்டே பேர். நான் விரலில் பார்த்து ஊற்றியவன். அப்படியென்றால் மீதி யார்?

"மாப்ள, நான் மூடியத் தெறந்து பாத்தேன், அவ்ளோதான். ஒரு சொட்டு ஊத்தல. அன்னிக்கு உன் கை..."

அதற்கு மேல் அவனைப் பேச விடவில்லை. உள்ளங்கையால் இடது காதோடு சேர்த்து அறைந்தேன். விழுந்தவனை ரேடியேட்டர் ஹோஸால் விளாசினேன். முதுகு, தோள், மறுபடி அதே காது. செருப்படி கொடுத்தவரே ஓடி வந்து என் கையைப் பிடித்து, "விடுய்யா, செத்துடப் போறான்" என்றார். மச்சானின் காதிலிருந்து கழுத்துக்கு ரத்தம் இறங்கியது. உண்மையைச் சொன்னால், அந்த நேரத்தில் எனக்கு சுகமாக இருந்தது. வாங்கியதைக் கைமாற்றிவிட்டேன் அல்லவா.

சவ்வு கிழிந்து, சீழ் பிடித்து, இடது காது போய்விட்டது. ஒற்றைக் காதால் சத்தம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பிரிக்க முடியாது. இன்ஜின் வேலையை விட்டு, ஒக்கலிபுரத்தில் லாரி டயர் கழற்றப் போய்விட்டான். என் மனைவி சோற்றுத் தட்டை என் முன்னால் தள்ளிவிட்டு, "எங்கண்ணன அடிச்ச கையால எப்பிடி சாப்பிடுற?" என்றாள். அவளையும் அடிக்கக் கை ஓங்கினேன்.

அடுத்த ஆயுத பூஜை. பூசணிக்காய் உடைத்துவிட்டு, வந்திருந்த ஒரு வண்டிக்கு பிரேக் ஆயில் ஊற்றப் போனேன். டின்னிலிருந்து நானே பிடித்த பிரேக் ஆயில். பழக்கதோஷத்தில் ஒரு சொட்டு விரலில் விட்டேன். சிவப்பாகத் தெரிந்தது.

பாட்டிலைப் பார்த்தேன். விரலைப் பார்த்தேன். குங்குமத்தைப் பனியன் துணியால் அழுத்தித் துடைத்துவிட்டு இன்னொரு சொட்டு விட்டேன். மஞ்சள். உன் கை, உன் கை என்று அவன் சொல்ல வந்தது இதைத்தான். பாட்டிலைக் கீழே வைத்தேன். அப்படியே ஒக்கலிபுரத்துக்கு பஸ் ஏறினேன்.

அவன் குத்துக்காலிட்டு ஒரு லாரிச் சக்கரத்தின் நட்டைக் கழற்றிக்கொண்டிருந்தான். நான் நின்றது அவனுடைய இடது பக்கம் என்பதுகூட எனக்கு உறைக்கவில்லை.

"மச்சான், நான்தான் ஊத்துனேன்."

அவன் பாட்டுக்கு வேலை செய்துகொண்டிருந்தான். இன்னொரு தரம் சொன்னேன். திரும்பவில்லை. அப்புறம்தான் புரிந்து, சுற்றி வலது பக்கம் போய், காதருகே குனிந்தேன்.

என் நிழல் பட்டதும் நிமிர்ந்து பார்த்தான். வீல் ஸ்பேனர் கையிலிருந்து நழுவியது. தோளைக் குறுக்கிக்கொண்டு, இருந்த ஒரு காதையும் இரண்டு கைகளாலும் பொத்திக்கொண்டான்.