பௌர்ணமித் தண்ணீர்

26 டிசம்பர் 2019, வியாழன்

அன்று சூரிய கிரகணம். காலை எட்டு மணி தாண்டித் தொடங்கும், பதினொன்றேகால் வாக்கில் விலகும் என்று இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே டைரியில் குறித்திருந்தேன். நடமாடும் அறிவியல் வேனில் எனக்கு விளக்குநர் வேலை. சிதம்பரத்திலிருந்து இருட்டோடு புறப்பட்டு, கடலூரை ஒட்டிய ஒரு மீனவக் குப்பத்தின் மணலில் ஏழு மணிக்கு டெலஸ்கோப்பை நிறுத்தினோம். "பீச்சுல வையுங்க, போட்டோ நல்லா வரும்" என்று மேலதிகாரி சொல்லியிருந்தார்.

ஒரு பிள்ளைகூட வரவில்லை. பெண்கள் பூவும் பால் செம்புமாகக் கடலை நோக்கி நடந்தார்கள். எங்கள் பக்கம் யாரும் திரும்பவில்லை.

டிரைவர் ஆரோக்கியசாமி அருகில் வந்தார்.

"சார், நேரத்த நிமிசக் கணக்குல எழுதி வெச்சீங்க. தேதியப் பாத்தீங்களா?"

கிரகணத்தின் தேதியாக மட்டும் பார்த்திருந்தேன். பதினைந்து ஆண்டுகளுக்கு முன் இதே தேதியில், ஒரு ஞாயிறு காலையில், சுனாமி இந்தக் கரையில் ஏறியது.

"எல்லாத்தையும் கட்டி ஏத்திடலாமா?" என்றேன்.

"இப்ப கட்டுனா சத்தம் கேக்கும். அவுங்க முடிச்சிட்டுப் போவட்டும்."

பால் ஊற்றித் திரும்பியவர்களில் ஒரு பெண் நின்றார். ஐம்பது வயதிருக்கும், பெயர் அஞ்சலை.

"இன்னாண்ணா இது?"

"கெரகணம்மா. மேல பாக்காத, கண்ணு போயிடும். சார் சூரியனப் புடிச்சி அட்டையில வெச்சிருக்காரு, அதப் பாரு" என்றார் ஆரோக்கியசாமி.

டெலஸ்கோப்புக்குப் பின்னால் பிடித்த வெள்ளை அட்டையில் சூரியன் ஓரம் கடித்த அப்பளம்போல் விழுந்திருந்தது. மறைப்பது நிலா என்றேன். வழக்கமான பாடத்தைத் தொடங்கினேன். சூரியன் நிலாவைவிட நானூறு மடங்கு பெரியது. ஏறக்குறைய நானூறு மடங்கு தூரத்திலும் இருக்கிறது. அதனால்தான் நம் கண்ணுக்கு இரண்டும் ஒரே அளவு. இன்று நிலா சற்றுத் தள்ளியிருப்பதால் முழுதாக மூட முடியாது; திருச்சிப் பக்கம் வளையமாகத் தெரியும். ஆண்டுக்கு நான்கு சென்டிமீட்டர் அளவுக்கு அது நம்மை விட்டு விலகிக்கொண்டே போகிறது. நிலாவில் இறங்கியவர்கள் வைத்துவிட்டு வந்த கண்ணாடிகள்மேல் இங்கிருந்து லேசர் அடித்துத்தான் இதை அளக்கிறார்கள்.

அஞ்சலை பொறுமையாகக் கேட்டார்.

"தண்ணிய இழுக்குறதும் அதான சார்?"

"ஆமாம்மா. அமாவாச, பௌர்ணமின்னா சூரியனும் சேந்துக்கும். ஜாஸ்தி ஏறும்."

"எவ்ளோ ஏறும்?"

"நம்ம கரையில மிஞ்சிப்போனா ஒரு மீட்டர்."

"அன்னைக்கும் பௌர்ணமி சார்."

சுனாமியை நிலா கொண்டுவந்தது என்று நம்புபவர்கள் பலரைப் பார்த்திருக்கிறேன். இவரும் அதைத்தான் கேட்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். அந்த மறுப்பு எனக்கு மனப்பாடம்.

"நிலாவுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லம்மா. அது பூகம்பம். பௌர்ணமித் தண்ணி மணிக்கணக்கா மெல்ல ஏறும். ரெண்டையும் யாரும் கொழப்பிக்க முடியாது."

அவர் அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் கொழப்பிக்கிட்டேன் சார். எம்பொண்ணு செல்வி மீன் பிரிச்சிக்கினு இருந்துச்சி. அம்மா, தண்ணி வருதுன்னிச்சி. பௌர்ணமித் தண்ணிடி, கால்தான் நனையும், ஒக்காருன்னேன்."

காலிச் செம்போடு போய்விட்டார். கிரகணத்தின் உச்ச நேரத்தை நான் குறிக்கவில்லை.

26 டிசம்பர் 2023, செவ்வாய்

வேனில் எப்போதும், கடல் ஏறி இறங்கும் நேரங்களைச் சொல்லும் ஓத அட்டவணைப் புத்தகம் ஒன்று கிடக்கும். நம் கரையில் முழு நிலா நாட்களில் கடல் உச்சத்துக்கு ஏறுவது ஏறத்தாழ காலை எட்டரை, ஒன்பது மணிக்கு. சுனாமி வந்ததும் அந்த நேரம்தான். அதாவது அஞ்சலை எதிர்பார்த்த தண்ணீர் அன்று உண்மையாகவே ஏறியிருந்தது. மற்றது அதன்மேல் வந்தது. இது எனக்குத் தெரிந்த விஷயம். அவர் போன பிறகுதான் நினைவுக்கு வந்தது.

போய்ச் சொல்லியிருக்கலாம். அடுத்த வாரம் என்றேன், பிறகு ஊரடங்கு, பிறகு ஓய்வு.

பத்தொன்பது ஆண்டுகளுக்கு ஒருமுறை நிலா அதே தேதியில் அதே வடிவத்துக்குத் திரும்பும், சில மணி நேரம் முன்பின்னாக. 2004இன் பௌர்ணமி 2023இல் அதே தேதிக்கு வந்து நின்றபோது எனக்குச் சாக்கு தீர்ந்துவிட்டது. அந்தக் குப்பத்துக்குப் பஸ் ஏறினேன்.

அஞ்சலை பால் ஊற்றிவிட்டு வந்தார். நான் யார் என்று சொல்லி, அட்டவணையில் இருந்ததைச் சொன்னேன்.

"நீங்க நெனச்சது சரிதாம்மா. அந்த நேரத்துக்கு அந்தத் தண்ணி இருந்துச்சி. யாரா இருந்தாலும் அப்பிடித்தான் சொல்லியிருப்பாங்க."

"இது அன்னைக்கே தெரியுமா சார்?"

"தெரியும்."

"எங்க வூட்டுக்காரரும் இதான் சொல்லிக்கினு இருப்பாரு. பௌர்ணமித் தண்ணின்னுதான் எல்லாரும் நெனப்பாங்க, நீ இன்னா பண்ணுவன்னு. நீங்க சொன்னத அன்னைக்கே அவராண்ட சொன்னேன். படிச்சவரு, யாரும் கொழப்பிக்க முடியாதுன்னாருன்னு. அதுக்கப்புறம் அவரு அந்தப் பேச்சே எடுக்கல. போன ஆடியில செத்துட்டாரு."

கோபமாகச் சொல்லவில்லை. செம்பை மணலால் தேய்த்துக்கொண்டே சொன்னார்.

வேனில் இப்போது வேலை பார்ப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். கேள்வி வந்ததும் மனப்பாடமான பதிலை எடுக்காதீர்கள். "ஏம்மா கேக்குறீங்க?" என்று முதலில் கேளுங்கள். நான் கேட்கவில்லை. அஞ்சலைக்கு வேண்டியிருந்த பதில் ஓட்டுநர் சீட்டுக்குப் பின்னால், அந்தப் புத்தகத்தில் இருந்தது.